நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற ஹோட்டலை இன்றைக்கு நடத்த முடியுமா?

திண்டுக்கல்_மெஸ்

திண்டுக்கல்லில் குடும்பமாக ஒரு மெஸ் நடத்துகிறோம். அப்பா ஆரம்பித்தது. ஒரு பந்திக்கு நாற்பது பேர் உட்காரலாம். காலையில் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா. கூட்டம் குறையவில்லை. கல்லாவில் விழுகிற பணமும் குறையவில்லை. எல்லாருக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வருகிறது.

எங்களை மாதிரி நடுத்தரக் கடைகள் சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொன்றாக மூடுகின்றன. தள்ளுவண்டி இட்லிக் கடை நன்றாகவே ஓடுகிறது. அவருக்கு வாடகை இல்லை, வெளியாள் சம்பளம் இல்லை, வருஷ விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவும் தேவையில்லை. பைபாஸில் இருக்கிற பல கிளை ஹோட்டலும் ஓடுகிறது. அவர்களுக்குத் தனியாக ஒரு சென்ட்ரல் கிச்சன் இருக்கிறது, எண்ணெயும் அரிசியும் லாரியில் வாங்குகிறார்கள், டெலிவரி செயலியோடு உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு பக்கத்துச் சலுகையும் கிடையாது. செலவு மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது.

ஊர்ச் சமையலின் ருசி நிற்பது இந்த நடுத்தரக் கடைகளில்தான் என்று நான் நம்புகிறேன். அதனால் கேட்கிறேன்: தொழிலில் இருப்பவர்கள், வரி தெரிந்தவர்கள், சாப்பிட வருபவர்கள், எல்லாரும் உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். எது நம்மை நெருக்குகிறது, எதை மாற்ற முடியும்?

மதிய_சாப்பாடு

சாப்பிட வருபவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். அலுவலகம் பக்கத்தில் தினமும் வெளியில்தான் சாப்பாடு. விலை ஏறுவது புரிகிறது. ஆனால் விலையும் ஏறி, இட்லியும் சின்னதாகி, கூட்டு ஒரு கரண்டியோடு நின்று, இரண்டாவது தடவை சாம்பார் கேட்டால் சப்ளையர் முகம் மாறுகிறது. மூன்று பேர் சாப்பிட்டால் பில்லில் ஜிஎஸ்டி வேறு. அந்த 5 சதவீதம் கடைக்காரருக்குப் போகவில்லை என்று தெரியும். கொடுப்பது என் பையிலிருந்துதானே. நடுத்தர ஹோட்டல் நிற்க வேண்டும் என்றால் முதலில் என்னை மாதிரி ஆள் தினமும் வரக்கூடிய விலையில் இருக்க வேண்டும்.

திண்டுக்கல்_மெஸ்

நீங்கள் சொல்வது நியாயம். உங்களை மாதிரி தினமும் வருகிறவர்களை வைத்துத்தான் கடை ஓடுகிறது. அதனால்தான் மதியச் சாப்பாட்டு விலையைக் கடைசியாகத்தான் தொடுகிறோம்.

எங்கள் பக்கத்தையும் பாருங்கள். கேஸ் விலை ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி மாறுகிறது. 2022 மே மாதம் சென்னையில் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் 2,500 ரூபாயைத் தாண்டியது. பிறகு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. மெனு கார்டை மாதாமாதம் அச்சடிக்க முடியுமா? ஏறும்போது நாங்கள் தாங்குகிறோம், இறங்கும்போது கொஞ்சம் மூச்சு விடுகிறோம்.

எண்ணெய்க் கதை இதைவிட மோசம். நம் நாடு சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் வந்ததும் சூரியகாந்தி எண்ணெய் கிடைக்கவில்லை. எல்லாரும் பாமாயிலுக்கு ஓடினோம். ஏப்ரல் 28ஆம் தேதி இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது, மே 23 வரைக்கும். அப்புறம் 2024 செப்டம்பரில் நம் அரசே இறக்குமதி வரியைக் கூட்டியது. கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி மூன்றுக்கும் அடிப்படைச் சுங்க வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதம். எண்ணெய் வித்து விளைவிக்கும் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது காரணம், அது சரியான காரணம்தான். 2025 மே கடைசியில் 10 சதவீதமாகக் குறைத்தார்கள். இந்த மூன்று வருஷத்தில் 15 கிலோ டின் விலை எத்தனை முறை மேலும் கீழும் போனது என்று எந்த மளிகைக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் போலார் காம்பவுண்ட் என்ற கெட்ட பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெயைக் கழித்துவிட வேண்டும். நாங்கள் அதைக் கடைப்பிடிக்கிறோம். டின் விலை ஏறும்போது அதைக் கடைப்பிடிக்காத கடையோடு விலையில் போட்டி போடுவதுதான் கஷ்டம்.

கணக்கு_வழக்கு

நான் சிறு ஹோட்டல்கள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். இந்த வரி விஷயத்தில் பேச்சு எப்போதும் குழம்பிப் போகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத ஹோட்டலுக்கு 12, ஏசி ஹோட்டலுக்கு 18 சதவீதம். ஹோட்டல்காரர் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். அந்தக் கழிவின் பலன் சாப்பிடுகிறவருக்குப் போகவில்லை என்று சொல்லி, அதே வருஷம் நவம்பர் 15 முதல் எல்லாருக்கும் 5 சதவீதம், ஆனால் கழிவு கிடையாது என்று மாற்றினார்கள். பில் குறைந்தது. வாடிக்கையாளருக்கு நல்லது.

கழிவு இல்லாததால் ஹோட்டலுக்கு எவ்வளவு நஷ்டம்? இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். மூட்டையில் வரும் அரிசி, காய்கறி, பால், கறி, மீன், முட்டை இவற்றுக்கு வரியே பெரும்பாலும் இல்லை அல்லது மிகக் குறைவு. அதில் கழிக்க ஒன்றும் இல்லை. நஷ்டம் வருவது சமையல் பொருளுக்கு வெளியே. சிலிண்டருக்கு 18 சதவீதம்: 1,750 ரூபாய் சிலிண்டரில் 266 ரூபாய்க்கு மேல் வரி, திரும்பி வராது. கிரைண்டர், பிரிட்ஜ், ஸ்டீல் மேஜை எல்லாவற்றிலும் கட்டும் வரி திரும்பி வராது. வாடகைக்கு 18 சதவீதம் வரி, அதுவும் திரும்பி வராது.

வாடகையில் இன்னொரு அடி 2024 அக்டோபர் 10 அன்று விழுந்தது. கட்டட உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதியாதவர் என்றால் முன்பு வரி கிடையாது. அந்தத் தேதிக்குப் பிறகு, பதிவு செய்த வாடகைதாரரே அந்த 18 சதவீதத்தை அரசுக்கு நேரடியாகக் கட்ட வேண்டும். மாசம் 60,000 வாடகை என்றால் 10,800. மற்றத் தொழில்காரர் அதைக் கட்டிவிட்டுக் கழித்துக்கொள்வார். 5 சதவீத ஹோட்டல்காரர் கட்டிவிட்டு மறந்துவிட வேண்டியதுதான்.

சொந்தக் கட்டடத்தில் இருக்கும் ஹோட்டல் இன்றைக்கும் தெம்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ராத்திரி_ரைடர்

சென்னையில் டெலிவரி செய்கிறேன். எல்லாரும் செயலியைத் திட்டப் போகிறீர்கள், அதற்கு முன்னால் நாங்களும் இருக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஹோட்டல்காரர் கமிஷன் அதிகம் என்கிறார், வாடிக்கையாளர் டெலிவரி சார்ஜ் அதிகம் என்கிறார். மழையில் நனைந்துகொண்டு மூன்றாவது மாடி ஏறுகிறவனுக்கு அதில் எவ்வளவு வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெட்ரோல், வண்டி சர்வீஸ் எல்லாம் எங்கள் கைக்காசு. பத்து நிமிஷத்தில் டெலிவரி என்று வந்தபிறகு ஹோட்டல் வாசலில் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் எங்கள் தலையில்தான் விழுகிறது.

தமிழ்நாட்டில் எங்களுக்கென்று நலவாரியம் அமைத்திருக்கிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில், இந்தக் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை எங்கள் நலநிதிக்குத் தர வேண்டும் என்று இருக்கிறது. வரவேற்கிறேன். அந்தச் செலவைக் கடைசியில் ஹோட்டல்மேல் போடுவார்களா, வாடிக்கையாளர்மேல் போடுவார்களா என்பதையும் இங்கே பேசுங்கள்.

திண்டுக்கல்_மெஸ்

தம்பி, உங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் கடையில் ரைடர்களுக்கு உட்கார பெஞ்சும் குடிக்கத் தண்ணீரும் வைத்திருக்கிறோம். தகராறு கமிஷன் கணக்கில்தான்.

200 ரூபாய் ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கமிஷன் 25 சதவீதம் என்றால் 50 ரூபாய். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 9 ரூபாய். கணக்கு_வழக்கு சார் சொன்ன அதே காரணத்தால் அதுவும் திரும்பி வராது. டப்பா, கவர், சாம்பார் கட்டுவது, வாழை இலைத் துண்டு எல்லாம் சேர்த்து ஒரு 10 ரூபாய். கைக்கு வருவது 131. அதில்தான் அரிசி, எண்ணெய், கேஸ், கூலி, வாடகை. தள்ளுபடி கொடுத்தால்தான் செயலியில் மேலே தெரிவோம். அதற்கும் நம் பணம். விளம்பரம் தனி.

செயலியில் மட்டும் விலையைக் கூட்டி வைக்கலாமே என்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்புறம் செயலியில் பார்த்தவர் இந்தக் கடை விலை ஜாஸ்தி என்று முடிவு கட்டிவிடுகிறார், நேரில் வருவதையும் நிறுத்திவிடுகிறார்.

நாமக்கல்_காரன்

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2025 ஜூலை 1 முதல் ஸ்விகி, சொமேட்டோ இரண்டுக்கும் சாப்பாடு தருவதில்லை என்று நாமக்கல் ஹோட்டல் உரிமையாளர்கள் சேர்ந்து முடிவெடுத்தார்கள். கமிஷன், விளம்பரக் கட்டணம், தெரியாமல் பிடித்தம் செய்யும் தொகை, இவைதான் புகார். அதற்குப் பிறகு ஆர்டருக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுக்காமல் சந்தா மட்டும் வாங்குகிற ஜாரோஸ் என்ற செயலியை ஹோட்டல் சங்கத்தினர் முன்னால் கொண்டுவந்தார்கள்.

தேசிய அளவிலும் இது புதுப் பிரச்சினை இல்லை. உணவகச் சங்கத்தின் புகாரை எடுத்துக்கொண்டு, சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கவனிக்கும் போட்டி ஆணையம் 2022 ஏப்ரலிலேயே இரண்டு கம்பெனிகள்மேலும் விசாரணைக்கு உத்தரவிட்டது. செயலியை விடக் குறைவான விலையில் வேறு எங்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் அந்த விசாரணைக்குள் இருக்கிறது.

சின்ன ஊரில் இதைச் செய்ய முடிகிறது என்பதற்குக் காரணம், எல்லா ஹோட்டல்காரரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். சென்னையில் ஒரு தெருவில் ஐம்பது சமையலறை, அதில் பாதிக்கு வாசலே கிடையாது, செயலிக்காக மட்டும் நடக்கிறவை. அங்கே இந்த ஒற்றுமை வருமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

செல்வி_பேக்கரி

ஹோட்டலோடு பேக்கரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழில் ஐந்து வருஷத்தில் அடியோடு மாறிவிட்டது. வெளியில் அது தெரிவதில்லை.

முதல் மாற்றம் கொழுப்பு. பப்ஸ் அடுக்கு அடுக்காக வர வேண்டும் என்றால் கெட்டியான கொழுப்பு வேண்டும். பழைய காலத்தில் டால்டா. அதில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பதால் 2021இல் 3 சதவீதம், 2022 ஜனவரி முதல் 2 சதவீதம் என்று வரம்பு கொண்டுவந்தார்கள். அதற்கேற்ற மார்ஜரின் வந்தது, விலையும் கூடியது. மாவு பிசையும் முறை, அறையின் சூடு, அவனில் வைக்கும் நேரம் எல்லாம் மாஸ்டர் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. இது நல்ல மாற்றம் என்று மனசார நினைக்கிறேன். எங்கள் பப்ஸைத் தினமும் சாப்பிடுவது பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

இரண்டாவது வரி. பன்னுக்கு வரி இல்லை, நடுவில் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று 2024 செப்டம்பரில் கோவையில் நிதியமைச்சர் முன்னால் ஒரு ஹோட்டல் உரிமையாளர் எடுத்துச் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு அவர் சொன்னது ஒவ்வொரு பேக்கரி கல்லாவிலும் நடந்துகொண்டிருந்த கஷ்டம். 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட் 18இலிருந்து 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. பாக்கெட் பரோட்டா, சப்பாத்திக்கு வரியே இல்லை. பில் போடுகிற பெண்ணுக்கு இப்போதுதான் நிம்மதி.

மூன்றாவது, மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஒரு வருஷத்துக்குத் தடை செய்தது. சாண்ட்விச், பர்கர், ஷவர்மா விற்கிறவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் முட்டை இல்லாத மயோனைஸுக்கு மாறினோம். சொந்தமாக அரைத்துக்கொண்டிருந்தவர்கள் பாக்கெட் வாங்க ஆரம்பித்தார்கள். இப்படித்தான் ஒவ்வொரு விதியும் வரும்போது, அது நல்ல விதியாகவே இருந்தாலும், சமையல் ஒரு படி நம் கையை விட்டுப் பெரிய பாக்டரிக்குப் போகிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அபராதம் போடுவதற்கு முன்னால் சிறு கடைகளுக்குச் செய்முறைப் பயிற்சி தந்தால் பாதிப் பேர் சொந்தத் தயாரிப்பை விடமாட்டார்கள்.

டிகாஷன்

காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை எங்களுடையது. ஹோட்டல்களுக்கு மொத்தமாகவும் போடுகிறோம். செல்வி அக்கா சொன்ன அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நான் காப்பியில் பார்க்கிறேன்.

2023 கடைசியிலிருந்து காப்பிக்கொட்டை விலை ஏறியதைப்போல என் அனுபவத்தில் பார்த்ததில்லை. வியட்நாமில் வறட்சி. அங்கே பல விவசாயிகள் காப்பியைப் பிடுங்கிவிட்டு டுரியன் போட்டுவிட்டார்கள், சீனாவுக்கு அது நல்ல விலைக்குப் போகிறது. 2024இல் பிரேசிலிலும் மழை இல்லை. ரொபஸ்டா வகைக் கொட்டை உலகச் சந்தையில் டன் 5,000 டாலரைத் தாண்டியது. அராபிகா வகை 2024 டிசம்பரில் 1977ஆம் வருஷத்து உச்சத்தையே உடைத்தது, 2025 பிப்ரவரியில் பவுண்டு 4 டாலருக்கு மேல் போனது. நம் கொட்டை குடகிலும் சிக்மகளூரிலும் ஏற்காட்டிலும் விளைந்தாலும் விலை லண்டனிலும் நியூயார்க்கிலும்தான் தீர்மானமாகிறது. தோட்டக்காரர்களுக்குப் பல வருஷம் கழித்து நல்ல காசு வந்தது, அதில் எனக்குச் சந்தோஷம். எஸ்டேட்டை விற்றுவிடலாம் என்று இருந்தவர்கள் செடிக்கு மறுபடி உரம் போட்டார்கள்.

ஹோட்டலில் என்ன நடந்தது? ஒரு டம்ளர் காப்பிக்கு மேல் இரண்டு ரூபாய் கூட்ட முதலாளிகளுக்குப் பயம். அதனால் ‘சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்’ என்றார்கள். கொட்டை விலைக்கும் சிக்கரி விலைக்கும் பெரிய இடைவெளி. சட்டப்படி காப்பி 51 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, பாக்கெட்டில் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். 80க்கு 20 வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 60க்கு 40க்கு வந்தார்கள். டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக இறங்கும், கலர் நன்றாக இருக்கும். மணம் இருக்காது. வாடிக்கையாளருக்குக் காரணம் தெரியாது, முன்ன மாதிரி இல்லை என்று மட்டும் தோன்றும்.

விலையைக் கூட்டாமல் உள்ளே இருப்பதைக் குறைப்பது எனக்குச் சம்மதமில்லை. மதிய_சாப்பாடு சார் கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது: இட்லி சின்னதானதும் காப்பியில் சிக்கரி கூடியதும் ஒரே முடிவின் இரண்டு பக்கம். சென்னையில் 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து டீ 15, காப்பி 20 என்று டீக்கடைச் சங்கம் வெளிப்படையாக அறிவித்துக் கூட்டியது. பால், டீத்தூள், வாடகை என்று காரணத்தையும் சொன்னது. சனங்கள் முணுமுணுத்தார்கள், குடித்தார்கள். அதுதான் நேர்மையான வழி.

மதிய_சாப்பாடு

டிகாஷன் சார், இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 5 ரூபாய் கூடுதல் என்று போர்டில் எழுதினால் கொடுப்பேன். சொல்லாமல் சாம்பாரில் பருப்பைக் குறைத்தால் கடையை மாற்றிவிடுவேன்.

விருதுநகர்_சோடா

குடிக்கும் பக்கத்தை டீ, காப்பியோடு விட்டுவிடாதீர்கள். எங்கள் பகுதியில் சோடா, கலர் தயாரிப்பு பெரிய தொழில். காளிமார்க் 1916இல் விருதுநகரில் தொடங்கியது. ஒரு காலத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கலர் கம்பெனி இருந்தது. 90களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் கடைக்குக் கடை பிரிட்ஜ் கொடுத்து உள்ளே வந்தபோது அதில் நிறையப் பேர் காணாமல் போனார்கள்.

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு ஒரு திருப்பம் வந்தது. மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. காளிமார்க்கின் போவண்டோவைத் தேடி வாங்கினார்கள், பன்னீர் சோடா மறுபடி பெட்டிக்கடைக்கு வந்தது. ஆனால் அதே வருஷம் ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. இனிப்பும் வாசனையும் சேர்த்த சோடாவுக்கு 28 சதவீதமும் மேலே 12 சதவீதம் செஸும். பல்லாயிரம் கோடி விற்கும் கம்பெனிக்கும், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுப் பன்னீர் சோடா அடிக்கிறவருக்கும் ஒரே 40 சதவீதம். விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும், சிறு தொழிலுக்கான காம்போசிஷன் திட்டத்திலும் 2019 அக்டோபர் முதல் எங்களுக்கு இடமில்லை. 2025 செப்டம்பர் மாற்றத்திலும் மொத்தம் அதே 40தான். இனிப்பு இல்லாத வெறும் சோடா 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது, அதே மெஷினில் பன்னீர் எசன்ஸும் சர்க்கரையும் சேர்த்தால் 40.

சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 10 கோடிக்கு மேல் இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னது. அப்படியானால் பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ அதை வைத்து வரி போட வேண்டும். பல நாடுகளில் அப்படித்தான் இருக்கிறது. இப்போது சர்க்கரை பாதியாகக் குறைத்துத் தயாரித்தாலும் அதே 40 சதவீதம் என்றால் யார் குறைப்பார்கள்?

இதோடு 2023இல் ரிலையன்ஸ் காம்பா கோலாவை 200 மில்லி 10 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. கோக், பெப்சிக்கே அந்த விலை தலைவலி. 10 ரூபாயில் 40 சதவீத வரியையும் கட்டி, கடைக்காரருக்கு லாபமும் கொடுக்க எங்களால் முடியாது. நாங்கள் திரும்பக் கண்ணாடிப் பாட்டிலுக்குப் போயிருக்கிறோம், காலி பாட்டில் திரும்பி வரும் தூரத்துக்குள் மட்டும் விற்கிறோம். அதில் லாபம் குறைவு, ஆனால் பிளாஸ்டிக் செலவு இல்லை, வாடிக்கையாளரும் விடுவதில்லை.

பரோட்டா_கல்

இவ்வளவு பேசியும் ஆள் பிரச்சினையை யாரும் தொடவில்லை. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் காரணம். நான் மதுரைப் பக்கம் ஹோட்டலில் மேலாளர்.

பரோட்டா மாஸ்டர் வேலைக்கு நம் பிள்ளைகள் வருவதில்லை. மே மாதத்தில் கல்லுக்கு முன்னால் ஆறு மணி நேரம் நின்று பாருங்கள், ஏன் என்று புரியும். ஒடிசா, பீகார், அசாம், நேபாளத்திலிருந்து வந்த பையன்கள்தான் இன்று பாதிக்கு மேல் அடுப்படிகளை நடத்துகிறார்கள். சாம்பாரில் பெருங்காயம் எப்போது போட வேண்டும் என்று நம் ஊர்ப் பையன்களைவிட அவர்களுக்குத் தெரியும், இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். 2023 மார்ச்சில் அவர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோது ஊருக்குக் கிளம்பினவர்களைக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகையான சட் பூஜையும் அதையடுத்து பீகார் தேர்தலும் சேர்ந்து வந்தபோது ராத்திரி டிபனை நிறுத்தின கடைகள் உண்டு.

ஆள் இல்லை என்றால் முதலாளி என்ன செய்வார்? மாவை வெளியில் வாங்குவார். பாதி வெந்த பரோட்டாவைப் பாக்கெட்டில் வாங்குவார். கிரேவியை ஒரே இடத்தில் கிண்டி வாளியில் அனுப்பச் சொல்வார். மெனுவில் ஆப்பம், இடியாப்பம், அடை எல்லாம் காணாமல் போய் பிரைடு ரைஸ் வருவதற்குக் காரணம் வாடிக்கையாளர் ருசி மாறியது மட்டும் இல்லை. பிரைடு ரைஸை ஒரு ஆள் ஒரு வாணலியில் எல்லாருக்கும் போட்டுவிடலாம். ஆப்பத்துக்கு அதற்கென்றே ஒரு ஆள் வேண்டும்.

தங்க நல்ல அறை, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, சம்பளம் தேதியில். இந்த மூன்றையும் ஒழுங்காகத் தருகிற கடையில் ஆள் நிற்கிறார்கள். எங்கள் முதலாளி அறைக்கு ஏர் கூலர் போட்டுக் கொடுத்தார், அதற்குப் பிறகு மாஸ்டர் மாறவில்லை.

செல்வி_பேக்கரி

பரோட்டா_கல் அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. பெண்களை அடுப்படி வேலைக்கு எடுங்கள் என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் பேக்கரியில் கேக் பிரிவு முழுவதும் பக்கத்து ஊர்ப் பெண்கள். காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஐந்துக்குப் போகிற மாதிரி வேலையைப் பிரித்தால் வருகிறார்கள். ராத்திரி பதினொன்று வரை என்றால் யாரால் வர முடியும்?

கம்பு_சோறு

ஒரு சின்னக் கேள்வி. சிறுதானியம் வைத்தால் நடுத்தர ஹோட்டலுக்கு ஒரு தனி அடையாளம் கிடைக்காதா? 2023ஐ ஐநாவே சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுத்தார்கள்.

திண்டுக்கல்_மெஸ்

வைத்தோம். கம்பங்கூழ் கோடையில் நன்றாகப் போகிறது, அதை விடவில்லை. தினை, வரகு, சாமை சோறு மட்டும் தினமும் வைக்க முடியவில்லை. உமி நீக்கித் தரும் சின்ன மில்கள் குறைவு, கல் பொறுக்கக் கூலி அதிகம், விலை பொன்னி அரிசியைவிட மேலே போய் நிற்கிறது. சீக்கிரம் ஆறிக் கெட்டியாகிவிடும், மதியம் மூன்று மணி வரை தாங்காது. தோசையாக ஊற்றினால் சரியாக வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் ராகி தோசை, கம்பு தோசை என்று வைத்திருக்கிறோம். மில் பக்கத்தில் வந்தால் இன்னும் வைப்பேன்.

எல்லாவற்றையும் படித்தபின் நான் செய்யப் போவதைச் சொல்கிறேன். பிடித்தமில்லை என்றால் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டு விலையைக் கூட்டப் போகிறேன், காரணத்தோடு கல்லா பக்கத்தில் எழுதி வைப்பேன். சாம்பாரும் ரசமும் எத்தனை முறை கேட்டாலும் உண்டு. காப்பிக்கு 80க்கு 20 பொடிதான். செயலிக்கு மெனு முழுவதையும் கொடுக்காமல், பார்சலில் கெடாத சில அயிட்டங்களை மட்டும் கொடுப்பேன். பக்கத்துத் தெருக்களுக்குப் போனில் ஆர்டர் எடுத்துக் கடைப் பையனே கொண்டுபோய்க் கொடுப்பான், தூக்குவாளி கொண்டுவந்தால் டப்பாக் காசு குறைத்துக்கொள்ளலாம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபோது எங்கள் தெருவில் நிறையப் பேர் தூக்குவாளிக்கு வந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள், மறுபடி பழக்கலாம்.

கணக்கு_வழக்கு சார், வாடகை வரிக்கு மட்டும் ஏதாவது வழி இருக்கிறதா? எங்கள் கட்டடக்காரர் ஜிஎஸ்டியில் இல்லை.

கணக்கு_வழக்கு

இருக்கிறது. உங்கள் வருஷ விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் காம்போசிஷனைப் பாருங்கள். அதிலும் ஹோட்டலுக்கு 5 சதவீதம்தான், ஆனால் பில்லில் தனியாக வரி வாங்கக் கூடாது, உங்கள் விலைக்குள்ளேயே அடங்க வேண்டும். இன்றைக்கு 100 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 105 வாங்குகிறீர்கள். மெனுவிலேயே 105 என்று போட்டுவிட்டால், அதில் 5 ரூபாய் 25 காசு கட்ட வேண்டும். வித்தியாசம் 25 காசு. மாதம் 8 லட்சம் விற்றால் அந்த வகையில் 2,000 ரூபாய் கூடும். பதியாத உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகைமேல் 18 சதவீதம் கட்டுவதிலிருந்து காம்போசிஷன்காரர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் விலக்கு. 60,000 வாடகைக்கு 10,800 மிச்சம். கழித்துப் பார்த்தால் மாதம் 8,800 கையில் நிற்கும்.

கவனிக்க வேண்டியது செயலி விற்பனை. காம்போசிஷனில் இருந்துகொண்டு அதைத் தொடர முடியுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகுதான் மாற வேண்டும். நீங்கள் செயலியை எப்படியும் குறைக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு முடிவெடுப்பது சுலபம். வரும் ஏப்ரலிலிருந்து மாற வேண்டும் என்றால் மார்ச் 31க்குள் விண்ணப்பம் போட்டாக வேண்டும்.

திண்டுக்கல்_மெஸ்

நன்றி சார். இந்த வாரமே போன வருஷ விற்றுமுதலை எடுத்துக்கொண்டு ஆடிட்டரைப் பார்க்கிறேன். என்ன சொன்னார் என்று இதே இழையில் எழுதுகிறேன். மாதம் 8,800 நின்றால் முதலில் பையன்கள் அறைக்கு ஏர் கூலர். பரோட்டா_கல் அண்ணே, எந்த அளவு போட்டீர்கள், ஆறு பேர் படுக்கும் அறைக்கு ஒன்று போதுமா?

பரோட்டா_கல்

ஆறு பேருக்கு ஒன்று போதும், பெரிய தொட்டி உள்ளதாக வாங்குங்கள். ஜன்னல் பக்கம் வையுங்கள், மூடிய அறையில் வைத்தால் புழுக்கம்தான் கூடும்.